கப் கேடட் 124: பழைய தோட்ட டிராக்டரை வைத்து வேலை செய்த அனுபவம்

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961-இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் ஆலையில் தயாரிக்கத் தொடங்கிய கப் கேடட் வரிசையில், 1960-களின் இறுதியில் வந்த 124 என்ற மாடலை ஒகையோவில் உள்ள எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வசந்தத்தில் காய்கறிப் பாத்தியை உழுவது, கோடையில் புல் வெட்டுவது, குளிர்காலத்தில் வீட்டுப் பாதையில் விழும் பனியைத் தள்ளுவது என்று ஆண்டு முழுவதும் அதற்கு வேலை இருக்கிறது. காட்சிக்கு வைப்பதற்காக வாங்கிய வண்டி அல்ல என்பதால், இங்கே நான் எழுதுவதெல்லாம் வேலை வாங்குபவரின் பார்வையிலிருந்துதான். வண்ணப்பூச்சு, ஸ்டிக்கர் ஆகியவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை.

இந்த மாடலை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் ஓட்ட அமைப்பு. அதே காலகட்டத்தில் புகழ்பெற்றிருந்த ஜான் டீர் 110, வீல் ஹார்ஸ் போன்ற வண்டிகளில் எஞ்சினின் சக்தி பெல்ட் வழியாகவே கியர்பாக்ஸுக்குப் போகும். கப் கேடட்டில் அந்த இடத்தில் பெல்ட்டே கிடையாது. எஞ்சினிலிருந்து ஒரு எஃகுத் தண்டு நேராகப் பின்னால் சென்று கியர்பாக்ஸில் இணைகிறது. அந்தக் கியர்பாக்ஸும் ஃபார்மால் கப் என்ற சிறிய விவசாய டிராக்டரின் பின்பகுதியை ஒட்டி வடிவமைக்கப்பட்டது. ஈர மண்ணில் கலப்பை இழுக்கும்போதும், ஈரப்பனியின் குவியலை முட்டித் தள்ளும்போதும், வழுக்கிக் கருகும் பெல்ட்டைப் பற்றிய கவலை இல்லாமல் வேலை செய்ய முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை, இரண்டு வகை வண்டிகளையும் ஓட்டியவர்கள் அறிவார்கள்.

ஆனால் பெல்ட் இல்லாததன் விலையைக் கிளட்ச் கொடுக்கிறது. இரண்டு அழுத்தத் தட்டுகளுக்கு நடுவே ஓர் உராய்வுத் தட்டு, அதே தண்டின் மேல் கோத்திருக்கும் கனத்த சுருள்வில், கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், தண்டின் முன்முனையைத் தாங்கும் சிறிய உருளை உறையான புஷ், பின்முனையைக் கியர்பாக்ஸுடன் பிணைக்கும் கப்ளிங், அதன் குறுக்கே அடித்துச் செருகிய ‘பின்’ என்ற சிறு எஃகு ஆணி என்று எல்லாமே ஒரே தண்டில் வரிசையாக இருக்கின்றன. கிளட்ச்சை மிதித்தவுடன் கீச்சென்று ஒரு சத்தம் வந்தால், பெரும்பாலும் அந்த முன்முனைப் புஷ் தேய்ந்திருக்கிறது அல்லது கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கிறது என்று பொருள். அதை அலட்சியம் செய்தால் தண்டின் முனையும் சேர்ந்து தேயும். தண்டு மையம் விலகிச் சுழலும். பின்முனையில் பின் உட்கார்ந்திருக்கும் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகிவிடும். அதன் பிறகு புதிய பின் அடித்தாலும் நிற்காது.

என் வண்டியில் தண்டை வெளியே எடுத்துப் பார்த்தபோது, துளையின் ஓரம் ஒரு பக்கம் மழுங்கிப் பளபளத்துக்கொண்டிருந்தது. புதிய பின்னை விரலால் தள்ளியே உள்ளே செருக முடிந்தது, அது கூடவே கூடாது. லேத்தில் புதிய தண்டு கடைந்து வாங்கி, புஷ், ரிலீஸ் பேரிங், பின் மூன்றையும் சேர்த்தே மாற்றினேன். எஞ்சினைக் கழற்றித் தண்டை வெளியே எடுக்கும் உழைப்பே பெரிது என்பதால், உள்ளே போனபின் ஒரு பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு மூடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சுருள்வில் அழுத்தத்திலேயே இருக்கும் என்பதால், அதைப் பிரிக்கும் முன் வைஸில் அழுத்திப் பிடித்துக்கொள்வது கட்டாயம். பொருத்திய பிறகு ரிலீஸ் நெம்புகோலுக்கும் பேரிங்குக்கும் இடையே சிறிது இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் பேரிங் எந்நேரமும் சுழன்று விரைவில் வீணாகும்.

எஞ்சின், விஸ்கான்சினைச் சேர்ந்த கோலர் நிறுவனத்தின் கே301: ஒற்றை சிலிண்டர், 476 சிசி, 12 குதிரைத்திறன், வார்ப்பிரும்பு உடல், வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில். இதில் ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய கரண்டிதான் ஆயிலை வாரி இறைக்கிறது. அந்த ராடும் அலுமினியம், தனி பேரிங் இல்லாமல் கிராங்க் ஷாஃப்ட்டின் மேல் நேரடியாகச் சுழல்வது. ஆயில் மட்டம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை இந்த அமைப்பே சொல்லிவிடுகிறது: ராடு பிடிக்கும், உடையும், சில சமயம் பிளாக்கையே துளைக்கும். எனவே ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னும் ஆயில் கோலைப் பார்ப்பதை விதியாகவே வைத்திருக்கிறேன். செங்குத்தான சரிவில் நீண்ட நேரம் புல் வெட்டுவதையும் தவிர்க்கிறேன்; வண்டி சாய்ந்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால், தகட்டு உறைக்குள் புல் தூளும் எலிக்கூடும் அடைத்துக்கொள்வது இன்னொரு ஆபத்து. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது உறையைக் கழற்றி, சிலிண்டர் துடுப்புகளுக்கு இடையே குச்சியாலும் காற்றாலும் சுத்தம் செய்வது நல்லது. அவ்வப்போது ஹெட்டைத் திறந்து கரியைச் சுரண்டுவதும் வால்வு இடைவெளியைச் சரிபார்ப்பதும் இந்த எஞ்சினுக்குப் பழைய நாளிலிருந்தே விதிக்கப்பட்ட வேலைகள். குளிர்ந்த நிலையில் எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.017 முதல் 0.020 அங்குலம், இன்டேக் வால்வுக்கு 0.008 முதல் 0.010 அங்குலம். வார்ப்பிரும்பு சிலிண்டர் என்பதால், தேய்ந்தாலும் உட்புறத்தைச் சற்று அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் மாட்டி மறுபடியும் ஓட வைக்கலாம்.

எஞ்சின் சரியாக ஓடவில்லை என்றால் பலரும் முதலில் கார்ப்ரேட்டரைக் கழற்றுகிறார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட தொல்லை தீப்பொறி தரும் இக்னிஷனில்தான் இருந்தது. மின்தொடர்பைத் திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.020 அங்குலம் என்று கையேடு சொல்லும். ஆனால் அது தொடக்கப் புள்ளி மட்டுமே. ஃப்ளைவீலில் ‘எஸ்’ என்று குறியிட்ட கோடு பார்வைத் துளையின் நடுவே வரும் அதே நொடியில் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். மல்டிமீட்டரைப் பாயிண்ட்டில் இணைத்து, ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுழற்றி, தொடர்பு அறுந்து மீட்டர் மாறும் இடத்தைப் பார்த்தால், ஃபீலர் கேஜை விடத் துல்லியமாகச் சரிசெய்ய முடியும். இந்த ஒரு வேலைக்குப் பிறகு, முரண்டு பிடித்துக்கொண்டிருந்த வண்டி குளிர்காலக் காலையிலும் எளிதில் ஸ்டார்ட் ஆனது. பாயிண்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டென்சரை வாங்கும்போது மலிவானதை ஒதுக்கிவிடுங்கள்; புதிதாகவே கெட்டுப்போன கண்டென்சர் ஒன்று என் கைக்கும் வந்திருக்கிறது.

கார்ப்ரேட்டரில் நான் கவனிப்பது த்ராட்டில் தண்டின் ஆட்டத்தை. அங்கே தேய்ந்தால் காற்று கசிந்து, ஐட்லிங் ஒருபோதும் நிலைக்காது. எரிபொருள் கலவையைச் சரிசெய்யும் ஊசிகளை எத்தனை திருகினாலும் பலன் இராது. புதிய புஷ் போட்டுத் தண்டை மாற்றுவதே வழி. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்க்கில் தேங்க விடுவதும் கூடாது. எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதையே ஊற்றுகிறேன்.

ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே உருளையில் இருப்பது இன்றைய வண்டிகளுக்குப் பழகியவர்களுக்குப் புதுமையாக இருக்கும். அதை எஞ்சினுடன் இணைக்கும் பெல்ட் தளர்ந்தால் ஸ்டார்ட் செய்யும்போது வழுக்கும், பிரஷ் தேய்ந்தால் சார்ஜ் ஏறாது. சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றினால், எஞ்சினை ஓட்டும் முன் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு கணம் வயரால் தொட்டு, ஜெனரேட்டரின் மின் துருவம் சரியாக அமையும்படி துருவப்படுத்த வேண்டும். சார்ஜ் ஏறவில்லை என்று வண்டியைக் கொண்டுவந்த பக்கத்துப் பண்ணைக்காரரிடம் இதைத்தான் செய்து காட்டினேன், வேறொன்றும் மாற்றவில்லை.

புல் வெட்டும் கத்திகள் இருக்கும் தளத்தை இயக்கும் முன்புறக் கிளட்ச்சில், நெம்புகோலின் முனையில் இருக்கும் சிறிய தேய்மானப் பொத்தானையும் மறக்கக்கூடாது. அது தேய்ந்தபின் நெம்புகோலின் உலோகமே சுழலும் பாகத்தை உரசத் தொடங்கி, மலிவாக முடிந்திருக்க வேண்டிய வேலை பெருஞ்செலவாகிவிடும். ஸ்டீயரிங் பெட்டியின் ஆட்டத்தைத் திருகு மூலம் ஓரளவு குறைக்கலாம். மீதி ஆட்டம் பெரும்பாலும் முன் அச்சின் நடு ஊசியிலும் பந்து மூட்டுகளிலும் இருக்கும்.

1981-இல் கப் கேடட் பிரிவு எம்டிடி நிறுவனத்தின் கைக்குப் போனது. அப்படியும் பெரும்பாலான தேயும் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன; இந்த வண்டியைப் பரிந்துரைக்க எனக்கிருக்கும் வலுவான காரணம் இதுவே. சொந்தமாக ரெஞ்ச் பிடிக்க விரும்பாதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கப் போகிறவர்கள் எஞ்சினின் சத்தத்தை மட்டும் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். இந்த எஞ்சினின் கேம் ஷாஃப்ட்டில் ஸ்டார்ட்டிங்கை எளிதாக்க அழுத்தத்தைத் தானாகக் குறைக்கும் அமைப்பு இருப்பதால், சாதாரண கம்ப்ரஷன் மீட்டர் காட்டும் அளவை நம்ப முடியாது. சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் கசிவுச் சோதனை செய்து பாருங்கள். கிளட்ச்சை மிதித்துச் சத்தம் கேளுங்கள், பின்பகுதிக் கியர்பாக்ஸின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று கொண்டு அதற்கேற்ப விலையைப் பேசுங்கள்.