தொர்தோனா, அல்சாஸா: வயதான பெற்றோருடன் போவதற்கு எது?

பிரான்சின் பழைய கிராமங்களைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. 'பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்' என்று 1982 முதல் ஒரு சங்கமே இருக்கிறது. மக்கள்தொகை 2,000-ஐத் தாண்டிய ஊருக்கு அதில் இடம் கிடையாது. அந்தப் பட்டியலை அலசி நாங்கள் வந்து நின்றது இரண்டு வட்டாரங்களில்: தென்மேற்கே தொர்தோன், கிழக்கே அல்சாஸ். மே மாதத்தில் இரண்டுக்கும் போனோம். முன்னதில் இரண்டு நாள், பின்னதில் ஐந்து நாள்.

இடைக்காலம் என்ற சொல்லுக்கு உண்மையாக இருப்பது தொர்தோன்தான். இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போரில் எதிரெதிர் அணியில் நின்ற பெய்னாக், கஸ்டெல்நோ கோட்டைகள் தொர்தோன் ஆற்றின் இரு கரையிலும் இன்றும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. 1281-இல் மூன்றாம் பிலிப் அரசர் குன்றின் உச்சியில் எழுப்பிய அரண் நகரம் தொம். அல்சாஸில் நாம் ஆசை ஆசையாய்ப் படமெடுக்கும் மரச்சட்ட வீடுகள் பெரும்பாலும் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் கட்டியவை. வரலாறு ஒன்றே குறி என்றால் தொர்தோனுக்குப் போங்கள்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது வேறொன்று: ஏற்றம். அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பெய்னாக் கோட்டை ஆற்றிலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழிருந்து மேலே போகும் சந்து முழுக்கக் கல் பாவியது, செங்குத்து. பாதி வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, "இன்னும் எவ்வளவு தூரம்ப்பா?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அப்பா மட்டும் மேலே போய் வந்தார். ஏறுவதைவிட இறங்குவது இன்னும் கஷ்டம். மழை பெய்தால் அந்தக் கற்கள் வழுக்கும். பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் லா ரோக் கஜாக் கிராமத்திலும் ஆற்றங்கரைச் சாலையோடு திரும்பிவிட்டோம்.

அல்சாஸின் எகிஷைமில் இந்தக் கவலையே இல்லை. நடுவில் எண்கோணக் கோட்டை, அதைச் சுற்றி வட்ட வட்டமாகத் தெருக்கள். கோயில் பிராகாரம் போல, எங்கே தொடங்கினாலும் சுற்றி அங்கேயே வந்து சேரலாம். தரையும் கிட்டத்தட்டச் சமம். சதுக்கத்தின் நீரூற்றில் இந்த ஊரில் பிறந்ததாகச் சொல்லப்படும் போப் ஒன்பதாம் லியோவின் சிலை. கூரை மேல் நாரைக் கூடுகள். பக்கத்து ஊரான ரிக்வீரில் பெரிய தெரு மெல்ல மேடேறி 1291-இல் கட்டிய தோல்டர் வாசல் கோபுரத்தில் முடிகிறது, அம்மா நிற்காமலே நடந்தார். நோபல் அமைதிப் பரிசு பெற்ற மருத்துவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் பிறந்த கைசெர்ஸ்பெர்கில் கோட்டைக்குத்தான் ஏற வேண்டும். அதை விட்டாலும் ஆற்றுப் பாலத்தடியில் ஒரு மாலை முழுக்க உட்காரலாம்.

போக்குவரத்தும் அல்சாஸுக்கே சாதகம். பாரிஸிலிருந்து அல்சாஸின் கொல்மார் நகருக்கு நேர் டிஜிவி (அதிவேக ரயில்), சுமார் இரண்டரை மணி நேரம். தொர்தோனில் கார் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும், அம்மா சைவம். தொர்தோனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வாத்துக் கறி. அல்சாஸில் ஃப்ளாம்குஷ் என்ற மெல்லிய, பீட்சா போன்ற ரொட்டியைப் பன்றி இறைச்சி இல்லாமல் வெங்காயமும் சீஸும் மட்டும் போட்டுத் தரச் சொன்னோம், முகம் சுளிக்காமல் தந்தார்கள்.

தொர்தோனில் இருந்தது இரண்டே நாள் என்பதால் அதை முழுக்க ஒதுக்க எனக்கு மனமில்லை. கட்டம் கட்டமாகத் தெரு பிரித்த 'மோன்பசியே' என்ற ஊர் அங்கே சமதளத்தில் இருக்கிறது, நாங்கள் போகவில்லை. டிசம்பர் கிறிஸ்துமஸ் சந்தை நாட்களின் கூட்டத்தில் அல்சாஸ் முதியவர்களுக்கு எப்படி இருக்கும் என்றும் அனுபவத்தில் சொல்ல முடியாது.

எகிஷைமில் கடைசி மாலை, நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா தனியாகவே வெளிவட்டத் தெருவை ஒருமுறை சுற்றிவிட்டு வந்தார்.