பெரிய எண்களைப் பிரிக்க கேசியோ 991இஎஸ் பிளஸ்: எதுவரை நம்பலாம்?

சென்னையில் கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் கால்குலேட்டர் வாங்குவோரில் பெரும்பாலோர் இன்ஜினியரிங் மாணவர்கள். அவர்களில் பலர் தொட்டுக்கூடப் பார்க்காத ‘ஃபேக்ட்’ வசதிக்காகவே இதை வாங்கலாம். முழு எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும் வேலை அதனுடையது.

காம்ப் மோடில் (சாதாரணக் கணக்கு போடும் நிலை) எண்ணை அடித்து =, பிறகு ஷிஃப்ட், அடுத்து பாகை-நிமிடம்-நொடி பட்டன். அவ்வளவுதான். தசமமோ பின்னமோ குறை எண்ணோ கொடுத்தால் பிழை காட்டும்.

வரம்பு இரண்டு. எண் பத்து இலக்கத்துக்குள் இருக்க வேண்டும். மூன்று இலக்கம் வரையுள்ள பகா எண்களை மட்டுமே அது தேடும். பிரிக்க முடியாத மிச்சத்தை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடும். குழப்பம் வருவது இங்கேதான். மிஞ்சியது, முதல் நான்கிலக்கப் பகா எண்ணான 1009-இன் வர்க்கம் 1018081-ஐ விடச் சிறியதென்றால் சந்தேகமே வேண்டாம், பகா எண்தான். இல்லையென்றால் நாம்தான் சோதிக்க வேண்டும்.

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டிப் பாருங்கள்: 4294967297. இது ஒரு பகா எண் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார்; இன்னொரு கணித மேதை ஆய்லர் 1732-இல் இதை உடைத்தார். திரையில் வருவது 641×(6700417). அந்த மிச்சத்தின் வர்க்கமூலம் 2588.5 சொச்சம். 1009-இலிருந்து அதுவரை இருநூறுக்கும் மேற்பட்ட பகா எண்கள் உண்டு. எல்லாவற்றாலும் வகுத்தால் கை ஓய்ந்துவிடும். நல்லவேளையாக, 4294967297-இன் எந்தக் காரணியை 128-ஆல் வகுத்தாலும் மீதி 1 வரும். அப்படிப்பட்ட பகா எண்கள் இந்த இடைவெளியில் 1153, 1409 இரண்டே. 6700417÷1153 போட்டால் 5811.28...; 5811×1153-ஐக் கழித்தால் மீதி 334. 1409-ஆல் வகுத்தால் மீதி 622. ஆக 6700417 பகா எண். இரண்டே வகுத்தலில் இது முடிவது உண்மையிலேயே அழகு.

பத்து இலக்கத்தைத் தாண்டினாலும் சில எண்களுக்கு வழி உண்டு. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜன், தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களை 1915-இல் பட்டியலிட்டார். அதில் விடுபட்டுப்போனது 293318625600. பன்னிரண்டு இலக்கம், ஃபேக்ட் ஏற்காது. 100-ஆல் வகுத்து 2933186256 என்று கொடுத்தால் 2⁴×3⁴×7²×11×13×17×19 என்று சுத்தமாகப் பிரியும். எடுத்த 100-க்காக 2², 5² சேர்த்தால் 2⁶×3⁴×5²×7²×11×13×17×19. அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2 = 5040 வகுத்திகள்.

2-இன் 64-ஆம் அடுக்கு போன்றவற்றில் மட்டும் ஏமாறாதீர்கள். 1.844674407×10¹⁹ என்று வரும். கடைசி இலக்கங்கள் காணாமல் போயிருக்கும், 1 கூட்டியும் பயனில்லை.

ரிச்சி தெருவிலோ பாரிமுனை ஸ்டேஷனரி கடைகளிலோ வாங்கும்போது ‘பிளஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய 991இஎஸ்-இல் ஃபேக்ட் கிடையாது. காசு கொடுக்கும் முன் 4294967297-ஐ அடித்து, 641 வருகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.