கருங்கண்ணி விதை என்று சொல்லி 38,500 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்: நாட்டுப் பருத்தி போடுகிறவர்கள் கவனம்

கைத்தறிக்காக நாட்டுப் பருத்தி போடலாம் என்று யோசிக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். எங்களுக்கு விளாத்திகுளம் பக்கம் கரிசல்காடு, மானாவாரி. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நாட்டு விதை விற்கும் ஒரு இணையப் பக்கம். கருங்கண்ணி என்கிற நம் நாட்டுப் பருத்தி விதை கொடுப்பார்களாம், விளைகிற பஞ்சை நெசவுக்காக அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். விதை, கொள்முதல் பதிவு எல்லாம் சேர்த்து 38,500 ரூபாய். போனில் பேசியவன் முதலில் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அண்ணாச்சி, காடு கரிசலா, செவலா? போன வருசம் என்ன போட்டீங்க? உளுந்தா? ரொம்ப நல்லது" என்று காட்டைப் பற்றித்தான் விசாரித்தான். மருந்து மட்டும் அடிக்கவே கூடாது, அடித்த பஞ்சை எடுக்கமாட்டோம் என்று கண்டிப்பாகச் சொன்னான். அந்தக் கண்டிப்பில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. அன்றைக்கே 38,500 ரூபாயையும் அனுப்பினேன்.

ஐப்பசி மழையை நம்பி விதைத்தோம். இலை விட்டதுமே சந்தேகம். கருங்கண்ணி இலை விரல்களை விரித்த கை மாதிரி ஆழமாகப் பிளந்திருக்கும். இதுவோ அகல இலை. படம் எடுத்து அனுப்பினால், "வளர வளர மாறும் அண்ணாச்சி" என்றான். அப்புறம் பூத்தது. மஞ்சள் இதழும் அடியில் கருஞ்சிவப்புத் திட்டும் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய பூ. மறுநாள் அது ரோஸ் நிறமானது. அமெரிக்கப் பருத்தியேதான்!

நம் கருங்கண்ணி வறட்சியைத் தாங்கும், இலைச் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கும் அவ்வளவாக அசையாது. இது மழை நின்றதும் வாடியது, இலை ஓரமெல்லாம் சிவந்து சுருண்டது. அவன் பேச்சை நம்பி மருந்தும் அடிக்கவில்லை. வெடித்த பருத்தியை எடுக்க வந்த பெண்களுக்குக் கூலி கொடுக்கக்கூட அது காணாது. மானாவாரிக் காட்டில் பருத்திக்கு வருசத்துக்கு ஒரு பட்டம்தான், அதுவும் போச்சு.

கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு பதில். உங்கள் மண் சரியில்லை. பக்கத்துக் காட்டு மகரந்தம் கலந்திருக்கும். பூப்பதற்கு முன்னால் இலையே மாறியிருந்ததற்கு மகரந்தம் எப்படிக் காரணமாகும்? "மேனேஜர் கூப்பிடுவார்" என்றார்கள், கூப்பிடவில்லை. கடைசியில் ஒரு பெண், "விதைக்குப் பணம் திரும்பக் கிடையாது சார்" என்று சொல்லி வைத்துவிட்டது. இப்போது என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். 38,500 ரூபாய்!

விவரமாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. சான்று விதை என்றால் பையில் நீல அட்டை இருக்கும். எந்த விதையானாலும் குவியல் எண் (லாட் நம்பர்) போட்ட ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். "நாட்டு விதைக்கு அட்டையெல்லாம் கிடையாது" என்றுதான் என்னிடம் சொன்னார்கள். கரிசல்காட்டுக்காரர்கள் முதலில் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள். கொஞ்சம் விதையையும் காலிப் பையையும் எடுத்து வையுங்கள். செடி மாறியிருந்தால் காட்டை அழிக்கும் முன்பே விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நானும் அதில் பதிவு செய்திருக்கிறேன்.

கொள்முதல் பதிவு என்று யாராவது முன்பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.