"முட்டை எடைதான் அண்ணே" என்று விற்ற குட்டி மெக் மோட்: 385 வெள்ளி போச்சு, தொடையும் வெந்தது

கோபம் தணிந்ததும் எழுதலாம் என்று நாலு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். தணியவில்லை. இன்று மதியம் அந்தக் கடையிலிருந்து வந்த குரல்பதிவைக் கேட்டதும் இன்னும் ஏறிவிட்டது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனது 385 வெள்ளி (ரிங்கிட்), ஒரு குட்டி மின்சிகரெட் கருவிக்கு. வெள்ளிக்கிழமை போன வெள்ளி. (கிண்டல் செய்கிறவர்கள் செய்துகொள்ளுங்கள், வீட்டில் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார்கள்.)

மலேசியாவின் கிள்ளானில் ஒரு கடைவரிசை, அதில் மாடியில் இருக்கும் வேப் (மின்சிகரெட்) கடை. பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதற்கு முன்னால் நானே மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று மனைவி சொல்கிறார்.

நான் ஏர்கோன் (ஏசி) சர்வீஸ் செய்பவன். பதினேழு வருடமாக வோல்ட்டும் ஆம்பியரும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. வயர் ஏன் சூடாகிறது, காண்டாக்ட் ஏன் கருகுகிறது என்று வாடிக்கையாளர்களுக்கு வகுப்பு எடுப்பவன். அப்படிப்பட்டவன் ஏமாந்ததால்தான் இவ்வளவு எரிச்சல்.

சிகரெட்டை விட்டு மூன்று வருடம் ஆகிறது, அதன் இடத்தில் வேப் வந்து உட்கார்ந்துகொண்டது. இது நல்ல பழக்கம் என்று சொல்ல வரவில்லை. தொடாதவர்கள் தொடாமலே இருங்கள். என்னிடம் இருந்தது பெட்டி மாதிரி ஒரு மோட், அதாவது வேப்பின் பேட்டரி இருக்கும் உடல்பகுதி. உள்ளே இரண்டு 18650 பேட்டரி, ஒரு சின்னத் திரை. ஏணியில் ஏறும்போது பையில் செங்கல்லைப் போட்டது போல ஆடும். சின்னதாக, இலேசாக ஒன்று வேண்டும். என் தேவை அவ்வளவுதான்.

கடைப் பையன் மேசைக்கடியிலிருந்து ஒரு குட்டிக் குழாயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். "முட்டை எடைதான் அண்ணே, பாருங்க." அலுமினியக் குழாய், உள்ளே 18650-ஐவிடக் குட்டையான 18350 பேட்டரி ஒரே ஒன்று, அடியில் ஒரு பித்தான். மேலே காயில் (சூடாகி ஆவி எழுப்பும் கம்பிச்சுருள்) பொருத்தும் டிரிப்பர் என்ற தலைப்பகுதி. திரை கிடையாது, சிப் கிடையாது. மெக் மோட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: பழைய டார்ச் லைட்டின் கதைதான். பித்தானை அமுக்கினால் பேட்டரி நேராகக் காயிலில் இணையும். நடுவில் கேள்வி கேட்க ஆளில்லை. என் பழைய பெட்டியில் ஷார்ட் ஆனால் திரையில் எழுத்து வரும், பேட்டரி தளர்ந்தால் எழுத்து வரும், பத்து விநாடிக்கு மேல் அமுக்கினால் தானே நின்றுவிடும். இதில் எதுவும் கிடையாது. நிறுத்துவதற்கு நம் கட்டைவிரலை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால்தான் தயங்கினேன். "தம்பி, இதுக்குப் பாதுகாப்பு ஏதும் இல்லையே" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "அண்ணே, பித்தானுக்குப் பூட்டு வளையம் இருக்கு. காண்டாக்ட் சுத்தமான செம்பு. பக்கத்துல பாருங்க, காத்துத் துளை நாலு. நானே இதத்தான் அடிக்கிறேன்." அப்புறம் சும்மா கேட்பது போல, "அண்ணே எந்தத் தோட்டம்?" என்றான், எந்த எஸ்டேட்டில் வளர்ந்தவன் என்று. காப்பார் பக்கம் என்றேன். அவனுடைய தாத்தாவும் காப்பார் பக்கத்துத் தோட்டமாம். அந்தக் கோயில் திருவிழா, அங்கே கிடைக்கும் அப்பளம், தோட்டம் விற்ற பிறகு யார் யார் எங்கே போனார்கள் என்று கால் மணி நேரம் பேசினோம். என் பையன் வயதுதான் இருக்கும்.

இந்த இடத்தை என்னால் மறக்க முடியவில்லை. என் வேன் கீழேதான் நின்றது. அதில் மீட்டர் இருந்தது, அளவுகோல் இருந்தது, காந்தம்கூட இருந்தது. இறங்கிப் போய் எடுத்து வர இரண்டு நிமிடம். "நம்ம பையன், இவன் முன்னாடி மீட்டரை நீட்டினால் மனசு கஷ்டப்படும்" என்று நினைத்து விட்டுவிட்டேன். அவன் மனசு கஷ்டப்படக் கூடாதாம்!

"காயில் நானே கட்டித் தர்றேன் அண்ணே, காசு வேணாம். பயப்படாதீங்க, 0.5 ஓம் தான்." கட்டினான். குழாய் 250, டிரிப்பர் 85, பேட்டரி 50. மொத்தம் 385 வெள்ளி. "வேப்புக்கே தடை வரப்போகுதுன்னு பேசிக்கிறாங்க, இது கடைசி சரக்கு" என்று சொல்லி, பத்து வெள்ளிகூடக் குறைக்கவில்லை. கியூஆர் காட்டினான், கட்டினேன். பணம் கடை பெயருக்குப் போகவில்லை, யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்குக்குப் போனது. அதையும் பார்த்தேன், அதையும் கேட்கவில்லை.

சனிக்கிழமை நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் சூடு, சரி, சின்னக் குழாய்தானே என்று விட்டேன்.

ஞாயிறு இரவு மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தொடையில் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்தது போல இருந்தது. துள்ளி எழுந்ததில் நாற்காலி விழுந்தது. பையிலிருந்து வெளியே எடுத்தால் கையில் பிடிக்க முடியவில்லை. பூட்டு வளையம் தானே சுழன்று திறந்திருக்கிறது, பித்தான் உள்ளே அமுங்கி அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஈரத்துணியால் சுற்றி அடிமூடியைத் திருகிக் கழற்றினேன். (அதுவும் தவறுதான், தூர எறிந்திருக்க வேண்டும்.) பேட்டரி வழுக்கிக் கடை முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையில் விழுந்தது. அதன் பிளாஸ்டிக் தோல் சுருங்கி, நகப்பூச்சு மாதிரி ஒரு வாசம். நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை. தொடையில் ஐம்பது சென் காசு அளவுக்குக் கொப்புளம். மறுநாள் அரசாங்கக் கிளினிக்கில் மருந்து போட 1 வெள்ளி வாங்கினார்கள். காயத்துக்கு 1 வெள்ளி, காயப்படுத்தியதற்கு 385 வெள்ளி.

ஞாயிறு இரவே எல்லாவற்றையும் பிரித்து மேசையில் பரப்பினேன். வெள்ளிக்கிழமை கீழே வேனில் கிடந்த மீட்டர் அப்போதுதான் மேலே வந்தது.

காயிலைப் பழைய பெட்டியில் மாட்டிப் பார்த்தேன், திரையில் 0.14 ஓம். 0.5 இல்லை. முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி 4.2 வோல்ட். 0.5 ஓம் என்றால் எட்டரை ஆம்பியருக்குள் முடிந்துவிடும். 0.14 என்றால் 30 ஆம்பியர்! இந்த அளவுள்ள குட்டிப் பேட்டரிகள் பொதுவாகப் பத்து ஆம்பியர் பக்கம்தான் தாங்கும். என் பேட்டரியின் மேல் "2400 எம்ஏஎச், 35 ஆம்பியர்" என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கிறது. 18350 அளவில் நல்ல பேட்டரியே 1,200-ஐத் தாண்டினால் பெரிய விஷயம். தோலைக் கீறிப் பார்த்தேன், உள்ளே இன்னொரு தோல். எங்கிருந்தோ கழற்றிய பழைய பேட்டரிக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள்.

செம்பு என்ற காண்டாக்டில் காந்தம் "டக்"கென்று ஒட்டியது. செம்பில் காந்தம் ஒட்டாது, ஏர்கோன் குழாயோடு வாழ்கிறவனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இரும்புக்கு மேல் செம்பு பூச்சு. பித்தானுக்குள் இருந்த ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்து எழும்பவே இல்லை. டிரிப்பரின் நடுப் பின் அதைச் சுற்றியுள்ள மரையோடு சமமாக இருந்தது. இந்த மாதிரி மோட்டில் பேட்டரியின் தலை நேரே பின்னைத்தான் தொடும். பின் வெளியே நீட்டிக்கொண்டிருக்காவிட்டால் மரையும் சேர்ந்து தொட்டு, நேர் ஷார்ட். அது மட்டும் நடக்கவில்லை, யார் செய்த புண்ணியமோ.

கடைசியாகத்தான் காற்றுத் துளையைப் பார்த்தேன். ஊசியை விட்டால் உள்ளே போகவில்லை. நாலும் வெறும் பள்ளம். துளை மாதிரி தெரிவதற்காகக் குடைந்திருக்கிறார்கள், குழாயைத் துளைக்கவில்லை. பேட்டரி பொங்கினால் வாயு வெளியேறுவதற்குத்தான் அந்தத் துளை. அது இல்லையென்றால் இரண்டு பக்கமும் திருகி மூடிய குழாய் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 2018-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 38 வயதுக்காரர் ஒருவர் வேப் வெடித்து, அதன் துண்டு தலையில் பாய்ந்து செத்துப்போனார். 2019 ஜனவரியில் டெக்சஸில் 24 வயதுப் பையனுக்குக் கழுத்தில். இரண்டும் இந்த மாதிரி, சிப் இல்லாத வகைதான். அன்று இரவு இரண்டு மணிக்கு இதையெல்லாம் படித்துவிட்டுத் தூங்காமல் கிடந்தேன்.

சமையலறைத் தராசில் பேட்டரியோடு நிறுத்தேன். 61 கிராம். முட்டை எடை என்றது மட்டும் உண்மை.

திங்கள் பையனுக்குப் படம் எல்லாம் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு, பார்த்துவிட்டான், பதில் இல்லை. மாலையில் அழைத்தால், "அப்படியாண்ணே? நாளைக்குக் கொண்டு வாங்க, பார்க்கலாம்." செவ்வாய், வேலை முடிந்து நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டிப் போனேன். பையன் இல்லை. வேறொருவன், "பாஸ் ஈப்போ போயிருக்காரு, அவர் சொல்லாம நாங்க எதுவும் மாத்த முடியாது" என்றான். ரசீதைக் காட்டினேன். அதில் "அக்செசரிஸ் – 385" என்று ஒரே வரி. எந்தச் சாமான், எந்தப் பேட்டரி, ஒன்றுமே எழுதவில்லை. "இது எங்க கடை சாமான்தான்னு எப்படி அண்ணே சொல்றீங்க?" என்று கேட்டான் பாருங்கள், அப்போதுதான் அந்த ரசீது ஏன் அப்படி எழுதப்பட்டது என்று விளங்கியது.

புதன் முதலாளியே பேசினார். "மெக் மோட் வாங்குறவங்களுக்கு ஓம் கணக்கு தெரிஞ்சிருக்கணும் பாஸ். வோல்ட்டை ஓமால வகுக்கணும்" என்று ஆரம்பித்தார். எனக்கே! உங்கள் பையன்தான் காயில் கட்டினான் என்றேன். "அவன் ஓசியில கட்டினது, அதுக்கு வாரண்டி கிடையாது." பேட்டரிக்கு? "பேட்டரி தேயுற சாமான்." குழாய்க்கு? "நீங்களே பிரிச்சிட்டீங்களே." தொடைக்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

இன்று மதியம் பையனிடமிருந்து குரல்பதிவு. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, அடுத்த தடவை வேப் லிக்விட் வாங்கும்போது 30 வெள்ளி கழிச்சுக்கலாம், நம்ம தோட்டத்து ஆளாச்சே." 385 வெள்ளிக்கு 30 வெள்ளி, அதுவும் அங்கேயே செலவு செய்ய வேண்டும்.

வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாகப் பட்டியல் போடத்தான் உட்கார்ந்தேன். நாளை காலை ஏழு மணிக்கு ஷா ஆலாமில் வேலை, கை வலிக்கிறது. இவ்வளவு மட்டும்: மீட்டர் பார்க்கத் தெரியாதவர்கள் மெக் மோட் பக்கமே போகாதீர்கள். தெரிந்தவர்கள் மீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள், வெட்கப்படாதீர்கள். துளையில் ஊசி விட்டுப் பாருங்கள். அடுத்தவர் கட்டிய காயிலை அளக்காமல் அமுக்காதீர்கள். ரசீதில் சாமான் பெயர் எழுதச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கலாமே என்று யாராவது சொல்வீர்கள். 2024 அக்டோபர் 1 முதல் அது சட்டப்படியே கூடாது, அங்கே ஏமாந்தால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

நான் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகிறேன். 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. அப்படியானால் 390 வெள்ளி ஆகிறது, ஆகட்டும்.

பேட்டரி இன்னும் வெளியே மைலோ டின்னில், மணலுக்குள் கிடக்கிறது. மனைவி நாளைக்கே தூக்கிப் போடச் சொல்கிறார். எனக்கு அதுதான் சாட்சி. மழை படாமல் கார் கொட்டகையின் மூலைக்கு மாற்றி வைத்திருக்கிறேன், கார் வெளியே நிற்கிறது.