சரிவுக் கூரையில் புரொஜெக்டர்: நீளும் குழாய் மவுண்ட், ஆறு மாத அனுபவம்

எங்கள் மாடியறையின் கூரை ஒரு பக்கம் 2.6 மீட்டர், எதிர்ப்பக்கம் 4.1 மீட்டர். நடுவில் அளந்தால் 3.35. மரக்கூரை, கைமரங்கள் வெளியே தெரியும். அழகான அறைதான், ஆனால் புரொஜெக்டர் மாட்ட வேண்டும் என்றவுடன் அந்த அழகெல்லாம் கணக்காக மாறிவிட்டது.

முதலில் மாட்டிக் கொடுத்தவர்கள் கூரையை ஒட்டி ஒரு குட்டி மவுண்ட் (புரொஜெக்டரைத் தாங்கும் பிடி) வைத்து, புரொஜெக்டரின் மூக்கைக் கீழே சாய்த்து, மிச்சத்தை கீஸ்டோன் திருத்தத்தில், அதாவது கோணலாக விழும் படத்தைக் கருவிக்குள்ளேயே நேராக்கும் வசதியில், சரிசெய்துவிட்டுப் போனார்கள். ஸ்க்ரீனின் கீழ் விளிம்பே தரையிலிருந்து 1.25 மீட்டரில் இருந்தது. அப்படியும் கருவி ஏறக்குறைய 10 டிகிரி குனிந்து நின்றது. அப்பா இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், "கூரையைப் பாக்குற மாதிரி இருக்கும்மா, கழுத்து தாங்கல" என்று கீழே இறங்கிப் போய்விட்டார். இவ்வளவும் செய்ததே அவருக்காகத்தான்.

சப்டைட்டிலும் அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அதற்குக் காரணம் கண் இல்லை. புரொஜெக்டர் கீழ்நோக்கிச் சாயும்போது படத்தின் அடிப்பக்கம் லென்ஸிலிருந்து அதிகத் தூரத்தில் விழுகிறது, அதனால் அடி விரிந்து சரிவகமாகிறது. கீஸ்டோன் திருத்தம் அந்த விரிந்த அடிப்பகுதியைத்தான் அதிகமாகச் சுருக்குகிறது. பேனலில் (கருவிக்குள் படத்தை உருவாக்கும் சில்லில்) இருக்கும் புள்ளிகளில் ஒரு பங்கைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு, மிச்சப் புள்ளிகளில் படத்தைத் திணிக்கிறது. சப்டைட்டில் வருவதும் அதே அடிப்பகுதியில்தான். எழுத்தின் ஓரங்கள் நனைந்த காகிதத்தில் எழுதியது போல இருந்தன. பயன்படாத புள்ளிகளின் சாம்பல் வெளிச்சம் வேறு, ஸ்க்ரீனுக்கு வெளியே சுவரில் கசிந்தது.

அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கூரையிலிருந்து தொடங்கினால் இந்தக் கணக்கு வராது. பார்ப்பவரின் கண்ணிலிருந்து தொடங்க வேண்டும். அப்பா தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் கண் 95 சென்டிமீட்டரில் இருக்கிறது. 100 அங்குல ஸ்க்ரீனின் அகலம் 221 செ.மீ., உயரம் 124.5 செ.மீ. கீழ் விளிம்பை 85 செ.மீ.யில் வைத்தால் கழுத்து நேராக நிற்கும். மேல் விளிம்பு 209.5-இல் வரும். எங்கள் புரொஜெக்டரில் லென்ஸ் ஷிஃப்ட், அதாவது கருவியைச் சாய்க்காமலே படத்தை மேலும் கீழும் நகர்த்தும் வசதி, கிடையாது. தலைகீழாகத் தொங்கவிட்டால், படத்தின் மேல் விளிம்பைவிட லென்ஸ் படத்தின் உயரத்தில் பத்து சதவீதம் மேலே இருக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. அதாவது 12.5 செ.மீ. ஆக லென்ஸ் நிற்க வேண்டிய இடம் தரையிலிருந்து 222 செ.மீ. கூரை அந்த இடத்தில் 335. நடுவே 113 செ.மீ. வெற்றிடம். மேல் தட்டு, கீழ்க் கைகள் எல்லாம் சேர்த்து 12 போனால், எனக்குத் தேவை 101 செ.மீ. குழாய்.

இப்படித்தான் இந்த நீளும் குழாய் மவுண்டுக்கு வந்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக நுழையும் இரண்டு எஃகுக் குழாய்கள், 60 முதல் 105 செ.மீ. வரை நீளும். மேலே சரிவுக்கு ஏற்ப மடங்கும் மூட்டு, கீழே புரொஜெக்டரைப் பிடிக்க நான்கு கைகள். 13 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள். என் புரொஜெக்டர் 3.2 கிலோதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மேல் மூட்டு அருமை. தட்டு கூரையின் சரிவோடு ஒட்டிக்கொள்ள, குழாய் மட்டும் செங்குத்தாக இறங்குகிறது. எங்கள் சரிவு சுமார் 20 டிகிரி. மூட்டு 30 வரை மடங்கும். தம்பி தூக்குக்குண்டைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றான், நான் ஏணியில் நின்று மூட்டு போல்ட்டை இறுக்கினேன். "அக்கா, இன்னும் ஒரு நூல் உன் பக்கம்… போதும்!" என்றான். கொண்டு வந்து நிறுத்திய இடத்தில் அப்படியே நின்றது, இறுக்கும்போது நழுவவில்லை. 100 செ.மீ. குழாய் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும் நுனி 1.75 செ.மீ. விலகும். அதனால் இந்த மூட்டின் பிடிமானம் சின்ன விஷயமில்லை.

நடுக்கோட்டில் கைமரம் இல்லை, 17 செ.மீ. தள்ளி இருந்தது. அந்தக் கைமரத்திலேயே மாட்டிவிட்டு, பக்கவாட்டுக் கீஸ்டோனில் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லென்ஸ் ஸ்க்ரீனின் நடுக்கோட்டில்தான் இருக்க வேண்டும். இரண்டு கைமரங்களுக்குக் குறுக்கே 18 மி.மீ. பிளைவுட் பலகை போட்டு, அதில் தட்டை மாட்டினோம். தட்டில் துளைகள் நெருக்கமாகவும் நீள்வடிவிலும் இருப்பதால் கடைசி ஓரிரு செ.மீ.யை நகர்த்திக்கொள்ள முடிந்தது. ஃபால்ஸ் சீலிங் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜிப்சம் பலகை எந்தப் புரொஜெக்டரையும் தாங்காது. அதைத் துளைத்து மேலே போய், காங்கிரீட்டிலோ மரத்திலோ பிடித்த பிறகுதான் எடையை ஏற்ற வேண்டும்.

இனி குறைகள்.

குழாயின் நீளத்தை 5 செ.மீ. இடைவெளியில் உள்ள துளைகளில் போல்ட் போட்டுத்தான் நிறுத்த முடியும். எனக்கு வேண்டியது 101, கிடைத்தது 100. ஒரு செ.மீ. குறைந்தால் என்ன என்று தோன்றும். லென்ஸ் ஷிஃப்ட் இல்லாத கருவியில் லென்ஸ் ஒரு செ.மீ. ஏறினால் படமும் அதே ஒரு செ.மீ. ஏறும். நல்லவேளை, புதிய உயரத்தில் ஸ்க்ரீனை நாங்கள் இன்னும் மாட்டவில்லை. புரொஜெக்டரை முதலில் தொங்கவிட்டு, வெறும் சுவரில் கட்டங்கள் போட்ட சோதனைப் படத்தை ஓட்டி, விளிம்புகளைப் பென்சிலால் குறித்துவிட்டு, அதன்மேல் ஸ்க்ரீனை மாட்டினோம். இந்த வரிசையை மாற்றவே வேண்டாம். ஸ்க்ரீனை ஏற்றுவதும் இறக்குவதும் எளிது, குழாயை ஒரு செ.மீ. மாற்றுவது எளிதில்லை.

அடுத்தது ஆட்டம். இதுதான் இந்த மவுண்டின் பெரிய பலவீனம். 100 செ.மீ.க்கு நீட்டினால் உள்குழாய் வெளிக்குழாய்க்குள் ஒரு சாண் கூட இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே நூலளவு இடைவெளி. கையால் தொட்டால் 'டக்' என்று ஒரு சின்ன அசைவு தெரியும். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்ததும், கட்டப் படத்தின் கீழ் மூலையில் கோடுகள் 3 மி.மீ. வரை நடுங்கின. எண்ணிப் பார்த்தால் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்குதான் அசைவு, ஆனால் 3.3 மீட்டர் தள்ளி அது அவ்வளவாகிவிடுகிறது. 13 கிலோ தாங்கும் என்ற எண் மவுண்ட் கீழே விழாது என்பதற்குத்தான் உறுதி. அசையாது என்பதற்கு அந்த எண்ணில் எதுவுமே இல்லை.

செய்த வைத்தியம்: உள்குழாயின் மேல் நுனியில் அலுமினிய ஒட்டுநாடாவை இரண்டு சுற்று சுற்றி, இறுக்கமாக நுழைத்தேன். பாதி ஆட்டம் அதிலேயே போயிற்று. பிறகு குழாயின் கீழ்ப்பகுதியில் ஒரு வளையம் மாட்டி, மூன்று திசையில் கைமரங்களுக்கு மெல்லிய எஃகுக் கம்பிகளை இழுத்து, முறுக்கி இறுக்கும் கொக்கி போட்டேன். நடுக்கம் முழுக்க நின்றது. மறுபடி வாங்குவதாக இருந்தால் இதையே வாங்க மாட்டேன். இதன் அடுத்த அளவான 90 முதல் 160 செ.மீ. நீள்வதை வாங்கி 100-இல் நிறுத்துவேன். உள்குழாயில் முக்கால் பங்குக்கு மேல் வெளிக்குழாய்க்குள்ளேயே இருக்கும், கம்பியே தேவைப்பட்டிருக்காது. உங்கள் அளவு எந்த மவுண்டின் உச்ச நீளத்தை நெருங்குகிறதோ, அதற்கு அடுத்த அளவை எடுங்கள்.

கீழ்த் தலையில் முன்பின் சாய்வுக்கும் பக்கச் சாய்வுக்கும் ஒரே போல்ட். ஒன்றைச் சரிசெய்யத் தளர்த்தினால் மற்றது தொங்கிவிடுகிறது. பக்கச் சாய்வு ஒரு டிகிரி தப்பினாலே 221 செ.மீ. அகலப் படத்தில் ஒரு ஓரம் மற்றதைவிட ஏறக்குறைய 4 செ.மீ. இறங்கிவிடும். தடித்த அட்டையை மடித்துச் சந்தில் செருகி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு மணிநேரம் போராடித்தான் நேராக்கினேன். இந்த அளவுக்கு எஃகு போட்டவர்கள் இன்னொரு போல்ட் போட்டிருக்கலாம். உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

கூட வந்த ஸ்க்ரூக்கள் விஷயத்தில் கவனம் வேண்டும். எங்கள் கருவிக்கு எம்4 அளவு (4 மி.மீ. விட்டம்). பையில் இருந்த எம்4 எல்லாம் 20 மி.மீ. நீளம். கருவியின் துளைக்குள் தீக்குச்சியை விட்டு, நகத்தால் குறித்து வெளியே எடுத்து அளந்தேன்: 11 மி.மீ. ஆழம்தான். மவுண்ட் கையின் தடிமனைச் சேர்த்தாலும் 20 மி.மீ. ஸ்க்ரூ உள்ளே இடித்திருக்கும். அதற்கு மேல் திருகினால் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையைப் பதம் பார்க்கும். 12 மி.மீ. ஸ்க்ரூ தனியாக வாங்கினேன்.

கேபிளைக் குழாய்க்குள் விட வழி இருக்கிறது. எச்டிஎம்ஐ தலை தாராளமாக நுழைகிறது. 12 மீட்டர் ஓட்டம் என்பதால் ஒளியிழை கேபிள் போட்டோம். அதற்குத் திசை உண்டு. எந்த முனை படம் அனுப்பும் பெட்டிக்கு, எந்த முனை புரொஜெக்டருக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். குழாய்க்குள் நுழைக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

தாழ்ந்த கூரைக்காரர்களுக்கு இந்த மவுண்ட் வேண்டவே வேண்டாம். தம்பி வீட்டு அறை 2.15 மீட்டர்தான். அங்கே கூரையை ஒட்டிய மவுண்டே சரியாக அமைந்தது: லென்ஸ் 203, ஸ்க்ரீனின் மேல் விளிம்பு 190.5, கீழ் விளிம்பு 66. கருவியின் அடிப்பாகம் இரண்டு மீட்டருக்குக் கீழே வந்துவிடுவதால் நடக்கும் வழியில் தொங்கவிடாமல் சோபாவின் முதுகுக்கு நேர்மேலே கொண்டுபோனோம். சூடான காற்று வெளியேறும் பக்கம் சுவரை ஒட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எங்கள் அறையில் இப்போது கீஸ்டோன் பூஜ்யம். கூரையடியில் தேங்கும் சூட்டிலிருந்து கருவி ஒரு மீட்டர் இறங்கிவிட்டதால், உள்விசிறியின் இரைச்சலும் முன்னைவிடக் குறைந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. மாட்டிய அன்று இரவு அப்பா வந்து உட்கார்ந்தார். எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் சப்டைட்டிலை முணுமுணுவென்று வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தார். நான் எழுந்து போய் விளக்கை அணைத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஏணி போட்டுப் பார்த்தபோது மேல் மூட்டின் நட்டு கால் சுற்று இளகியிருந்தது. மரக்கூரையும் விசிறியும் உள்ள அறையில் இது நடக்கும். ஒரு ஸ்பிரிங் வாஷர் சேர்த்து இறுக்கினேன். கருவியிலிருந்து பலகைக்குத் தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பியும் கட்டிவிட்டேன். பெட்டியில் இந்த இரண்டுமே வருவதில்லை. மாட்டும் அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.