மழை ஊரில் ஒயர் மூட்டு: ஈயமா, கிரிம்ப்பா?

சித்திரை முதல் தேதி நமக்கு வருஷப்பிறப்பு, பர்மாக்காரர்களுக்குத் தண்ணீர்த் திருவிழா. ரங்கூனில் இரண்டும் ஒரே வாரம். காலையில் கோயில், மத்தியானம் ஜீப். ஜீப்பின் கூரைத்துணியைக் கழற்றிவிட்டுக் கிளம்பினால் தெருவுக்குத் தெரு குழாய் வைத்து அடிப்பார்கள். டாஷ்போர்டு, சீட்டுக்கு அடி, பானெட்டின் இடுக்கு என்று தண்ணீர் போகாத இடம் கிடையாது.

போன திருவிழா முடிந்து சில நாளில் பெகுவிலிருந்து இரவில் திரும்பிக்கொண்டிருந்தேன். வலப்பக்க ஹெட்லைட் மட்டும் அகல்விளக்கு மாதிரி மங்கிவிட்டது. வண்டியை ஓரங்கட்டி, கிரில்லுக்குப் பின்னால் கையை விட்டு ஒயரை அசைத்தேன். பளிச்சென்று எரிந்தது, கையை எடுத்ததும் மறுபடி மங்கியது. பல்பு நன்றாகத்தான் இருக்கிறது, மூட்டில்தான் கோளாறு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் டேப்பைப் பிரித்தேன். பசை ஜவ்வாக இழுத்தது. உள்ளே இரண்டு ஒயரையும் முறுக்கி விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். செம்பு முழுக்கக் களிம்பேறி, குளத்துப் படிக்கட்டுப் பாசி போலப் பச்சை. தோலை இன்னும் ஒரு விரற்கடை உரித்தேன், அங்கே கறுப்பு. இன்னும் ஒரு விரற்கடை உரித்தேன். அங்கேயும் கறுப்புதான். இழைகளுக்கு நடுவே தண்ணீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறிவிடும். முறுக்கி டேப் சுற்றும் முறையைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் அது ஒரு வழியே அல்ல.

ஒரு மூட்டு இவ்வளவு கெடுக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். களிம்பேறிய மூட்டின் தடை வெறும் 0.2 ஓம் என்றால்கூட, அங்கே 1 வோல்ட் போய்விடும். ஹாலஜன் பல்புக்கு 1 வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு காணாமல் போகும். மிச்சம் இருப்பது 5 வாட் வெப்பம். அது மூட்டிலேயே தங்கி, டேப்பை உருக்கி, களிம்பை இன்னும் வேகமாக வளர்க்கும்.

ஆகவே போட்டி இரண்டுக்குள்தான்: ஈயம் வைத்துப் பற்றவைப்பதா, லக் என்னும் சின்ன உலோகக் குழலை வைத்து அழுத்தும் கிரிம்ப்பா?

எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் ஈயக் கட்சி. “தம்பி, முப்பது வருஷமா ஈயம்தான் வெச்சுக்கிட்டு இருக்கேன். ஒண்ணாவது விட்டுப்போச்சா, சொல்லு” என்பார். அவர் வைத்த மூட்டுகளைப் பார்த்திருக்கிறேன், உண்மையிலேயே அழகாக இருக்கும். இழைகளைப் பிரித்துக் கோத்து முறுக்கி, ஒயரைச் சூடாக்கி, ஈயம் தானாக உள்ளே இழுபடும்வரை காத்திருப்பார். சூட்டுக்கோலின் நுனியில் ஈயத்தை உருக்கி மேலே சொட்டவிடும் ஆள் அவர் இல்லை.

ஆனால் ஈயத்தின் பலவீனமும் அந்த ‘உள்ளே இழுபடுவதில்’தான் இருக்கிறது. நாம் வைத்த இடத்தோடு ஈயம் நிற்காது, தோலுக்கு அடியிலும் கொஞ்ச தூரம் ஓடும். அதுவரை ஒயர் கம்பிபோல விறைத்துவிடும், அதற்கு அப்பால் பழையபடி வளையும். விறைப்பு முடிகிற அந்த ஒரே புள்ளியில்தான் வண்டியின் அதிர்வு முழுவதும் விழும். ஒவ்வோர் இழையாக அறும், வெளியே ஒன்றும் தெரியாது. குண்டும் குழியுமான ரோட்டில் இலைப்பட்டை ஸ்பிரிங் ஜீப்பை ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அண்ணனின் மூட்டுகள் ஏன் அறவில்லை? ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு பக்கமும் ஒயரைப் பாடியோடு சேர்த்துக் கட்டிவிடுவார். ஆடாத ஒயர் அறாது. அவருடைய முப்பது வருஷத்தில் பாதிப் பெருமை ஈயத்துக்கு, பாதி அந்தக் கட்டுக்கு.

ஈயத்தில் இன்னொரு எச்சரிக்கை. தகரம் பற்றவைக்கும் ஆசிட் பேஸ்ட்டை ஒயரில் தொடவே கூடாது. கழுவ முடியாத இடத்தில் அது மிச்சமிருந்து செம்பைத் தின்னும். ரோசின் என்னும் மரப்பிசின் வைத்த ஈயம்தான் வேண்டும். அதேபோல, ஸ்க்ரூ வைத்து இறுக்கும் டெர்மினலுக்குள் ஈயம் பூசிய நுனியைச் செருகாதீர்கள். ஈயம் மெத்தென்ற உலோகம், அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி இடம் விடும். இன்று இறுக்கிய ஸ்க்ரூ சில மாதத்தில் தளர்ந்திருக்கும்.

இனி கிரிம்ப். வெள்ளீயம் பூசிய செம்புக் குழலுக்குள் ஒயரை விட்டு, சரியான கருவியால் ஓங்கி அழுத்தினால், இழைகளுக்கு நடுவே காற்றுகூடப் போகாத அளவுக்கு உலோகம் ஒன்றோடொன்று இறுகிவிடும். காற்றும் ஈரமும் போகாத இடத்தில் களிம்பு பிடிக்காது. வண்டிக் கம்பெனிகள் ஒயரிங்கில் பெரும்பாலும் இதைத்தான் செய்கின்றன. ஜப்பானிலிருந்து வந்த எந்த வண்டியின் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தாலும் உள்ளே இருப்பது ஒயரோடு அழுத்திய உலோக முனைதான்.

ஆனால் ‘சரியான கருவி’ என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கட்டிங் பிளேயரால் நசுக்கியதை கிரிம்ப் என்று சொல்ல முடியாது. அதைவிட அண்ணனின் ஈயம் நூறு மடங்கு மேல். முழு அழுத்தம் விழும்வரை வாயைத் திறக்காத ராட்செட் வகைக் கருவி வேண்டும், லக்கும் ஒயரின் தடிமனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சிவப்பு லக் 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர்வரை, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. மெல்லிய ஒயரை நீல லக்கில் விட்டு அழுத்தினால் அன்றைக்குப் பிடித்ததுபோல் இருக்கும், மழைக்காலத்தில் கழன்றுவிடும். நான் ஒவ்வொன்றையும் அழுத்தி முடித்ததும் கையால் பலமாக இழுத்துப் பார்க்கிறேன். வண்டியில் கழல்வதைவிட என் கையில் கழலட்டும்.

அழுத்திய பிறகு, உள்ளே பசை பூசிய ஷ்ரிங்க் ஸ்லீவ். சூடு காட்டினால் சுருங்கி, இரண்டு ஓரத்திலும் பசை ஒரு முத்துபோலப் பிதுங்கி வரும். அந்த முத்து தெரிந்தால்தான் தண்ணீர் போகாது. சாதாரண ஸ்லீவ் போதாது, பக்கவாட்டில் நனைந்துவிடும்.

கிரிம்ப்பை நான் தேர்ந்தெடுத்ததற்கு இந்த ஊர்க் காரணம் ஒன்றும் உண்டு. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பற்றவைக்கும் சூட்டுக்கோல் பாதிச் சூட்டில் இருக்கும்போது கரண்ட் போனால் வேலை அப்படியே நிற்கும். கிரிம்ப் கருவிக்குக் கைப்பலம் போதும். ஸ்லீவுக்கு ஒரு லைட்டர் போதும், ஒயரின் தோலைக் கருக்காமல் காட்ட வேண்டும்.

இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன், வெட்டாமலே ஒயரின் மேல் கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளிப். உள்ளே ஒரு தகடு தோலைக் கிழித்துச் செம்பைத் தொடும், சில இழைகளையும் அறுக்கும், தண்ணீருக்கும் வழிவிடும். ரேடியோவுக்குக்கூட வேண்டாம்.

ஈயத்தை நான் முழுக்க விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மச்சானின் ஜப்பான் காரில் போன மாதம் இடப்பக்கக் கண்ணாடிக்கு அடியில் கேமரா வைத்தோம். இங்கே 1970-இல் ரோட்டின் வலப்பக்கம் ஓட்ட மாறியும், ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ள கார்கள்தான் இன்றும் அதிகம். முன்னால் ஒரு பஸ் போனால் டிரைவருக்கு எதிரே ஒன்றும் தெரியாது. அக்காதான் இடப்பக்கம் எட்டிப் பார்த்து, “இப்ப போங்க, வேணாம், நில்லுங்க” என்று சொல்லிக்கொண்டே வருவாள். அந்தக் கேமராவின் சிக்னல் ஒயர் முடி மாதிரி மெல்லியது, சிவப்பு லக்கிலும் நிற்காது. அதற்கு ஈயம் வைத்து, டாஷ்போர்டுக்கு உள்ளே ஈரம் படாத இடத்தில் ஒயரை இரண்டு பக்கமும் கட்டிவிட்டேன், அண்ணன் கட்டுவதுபோலவே. கேமராவின் பவர் ஒயரும் எர்த்தும் கிரிம்ப்.

ஜீப்பின் ஹெட்லைட்டுக்கு, கரண்டைத் திறந்துவிடும் ரிலே சுவிட்சிலிருந்து பல்புவரை 2.5 சதுர மில்லிமீட்டரில் புது ஒயரே இழுத்துவிட்டேன். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது, கிரிம்ப்பும் சரியாகப் பிடிக்காது. பழைய ஒயரை வெட்டிக்கொண்டே போனதில் பளபளப்பான செம்பு தெரிய இரண்டு சாண் ஆகிவிட்டது.