ஆற்றைப் பிரிப்பதா, நீரைப் பிரிப்பதா?
1960 சிந்து ஒப்பந்தம் ஆறுகளையே பிரித்தது: ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு, சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு. அன்றாடம் அளந்து பங்கு போடும் தலைவலி இல்லை. ஆனால் பாகிஸ்தானுக்குப் போன மேற்கு ஆறுகளிலும் இந்தியா நீர்மின் நிலையம் கட்டலாம் என்பதால், தகராறு அணை மதகை எந்த மட்டத்தில் வைப்பது என்பதற்கு இடம் மாறியது. செனாப்பில் இந்தியா கட்டிய பக்லிஹார் அணை பற்றிய வழக்கு நடுநிலை நிபுணரிடம் போனது அப்படித்தான். 2025 ஏப்ரலில் இந்தியா ஒப்பந்தத்தையே நிறுத்திவைத்தது.

இந்தியாவும் வங்கதேசமும் செய்துகொண்ட 1996 கங்கை ஒப்பந்தம், மேற்கு வங்கத்தின் ஃபராக்கா தடுப்பணைக்கு வந்துசேரும் நீரைப் பங்கிடுகிறது. அதுவும் ஜனவரி முதல் மே வரை, பத்து நாள் கணக்கில். விநாடிக்கு 70,000 கன அடி வரை பாதிக்குப் பாதி. 75,000 வரை வங்கதேசத்துக்கு 35,000, மிச்சம் இந்தியாவுக்கு. அதைத் தாண்டினால் இந்தியாவுக்கு 40,000, மிச்சம் அவர்களுக்கு. 50,000-க்குக் கீழே இறங்கினால் உடனே பேச வேண்டும். கணக்கு சுத்தம்தான். ஓட்டை வேறு இடத்தில்: ஃபராக்காவுக்கு மேலே எடுக்கப்படும் நீருக்கு உச்சவரம்பு கிடையாது, வரத்தைக் காக்க ‘முயற்சி’ என்ற சொல் மட்டுமே.